மோரிஸ் மைனர் 1000: ஒழுகிய சம்ப்பும் அடைத்து வைத்த ஓட்டையும்

வண்டியும் புகாரும்

1960-களின் நடுவில் வந்த மோரிஸ் மைனர் 1000, நான்கு கதவு சலூன், 1098 சிசி இஞ்சின். பினாங்கு பதிவு எண். வைத்திருப்பவர் ஆயர் ஈத்தாமில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு இந்த வண்டியில்தான் தண்ணீர்மலைக்குப் போக வேண்டும் என்பது அவர் வீட்டு வழக்கம். அதற்கு முன்னால் ஒழுகலை நிறுத்தித் தரச் சொல்லி ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டு வந்தார்.

"தம்பி, பழைய காடின்னா கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், அது எனக்குத் தெரியும். ஆனா இப்ப போர்ச்சுல தட்டு வெச்சா தட்டே நிறையுது" என்றார்.

பேசிக்கொண்டே போனதில் இன்னும் இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் விளக்கு உடனே அணைவதில்லை. ரெலாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது பாயா தெருபோங் ஏற்றத்தில் இஞ்சின் சத்தம் கூடுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது. கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். இந்த இரண்டையும் அவர் வயதுக் கோளாறு என்று விட்டுவிட்டார். எனக்கு மூன்றும் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டிருப்பது போலப் பட்டது.

முன் கதை: வேறொரு பட்டறையில் சம்ப்பின், அதாவது இஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின், கேஸ்கட்டை (இடுக்கை அடைக்கும் பட்டையை) மாற்றியிருக்கிறார்கள். சில வாரம் காய்ந்திருந்தது. மறுபடி ஒழுகியதும் போல்ட்களை இறுக்கிக் கொடுத்தார்கள். அப்புறமும் ஒழுகியது. இன்னும் இறுக்கினார்கள்.

இந்த இஞ்சினைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948-இல் வெளிவந்தது. 1951-இல் ஆஸ்டின் ஏ30-இல் அறிமுகமான ஏ-சீரிஸ் இஞ்சின் அடுத்த ஆண்டே மைனருக்கும் வந்துவிட்டது. முதலில் 803 சிசி, 1956-இல் 948, 1962-இல் 1098. அதே குடும்பத்து இஞ்சின்தான் 1959-இல் மினியிலும் குறுக்காக உட்கார்ந்தது. ஆனால் மினியில் கியர்பாக்ஸே இஞ்சினுக்கு அடியில், அதே ஆயிலில் ஓடுகிறது. தனியாகக் கழற்ற சம்ப் கிடையாது. மினி வேலை நிறையப் பார்த்தவர்கள் "ஏ-சீரிஸ் எனக்கு அத்துப்படி" என்று மைனரின் அடியில் படுத்தால் அங்கே இருப்பது வேறு சங்கதி: தகட்டில் அழுத்தி எடுத்த சம்ப், சுற்றிலும் கால் அங்குல போல்ட்கள், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி கேஸ்கட், முன்னும் பின்னும் மெயின் பேரிங் மூடிகளின் அரைவட்டப் பள்ளத்தில் உட்காரும் இரண்டு கார்க் துண்டுகள். ஒழுகல் பெரும்பாலும் இந்த நாலு துண்டுகள் சந்திக்கும் நாலு மூலைகளில்தான்.

இன்னொன்று. இந்த இஞ்சினின் பின்பக்கம், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாப்ட் வெளியே வரும் இடத்தில், இன்றைய வண்டிகளில் இருப்பது போல ரப்பர் சீல் இல்லை. கிராங்கின் மீதே திருகுபோல ஒரு மரை வெட்டியிருப்பார்கள். கிராங்க் சுற்றும்போது அந்த மரை வெளியே வரப் பார்க்கும் ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும். சுற்றாமல் நிற்கும்போது அதற்கு வேலை இல்லை. அதனால் வண்டியை நிறுத்திய பிறகு சில சொட்டுகள் இஞ்சினுக்குப் பின்னால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் விழும். விழுந்தது வெளியேற அதன் அடியில் ஒரு சிறிய ஓட்டை, அந்த ஓட்டையில் தளர்வாகத் தொங்கும் ஒரு ஸ்பிளிட் பின் (இரண்டு காலாகப் பிரியும் கம்பி). வண்டி ஓடும் அதிர்வில் பின் ஆடிக்கொண்டே இருக்கும், அழுக்கு சேர்ந்து ஓட்டை அடைபடாது. பின் ஆடுகிறதே, யாரோ மறந்து விட்டுவிட்டார்கள் என்று நினைத்துப் பிடுங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றுவதற்கு முன்

எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் சம்ப்பில் கை வைப்பதில்லை. ஆயில் கீழே சொட்டும் இடத்தைப் பார்ப்பதால் பயனில்லை. ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். ஈரம் தெரியும் மிக உயரமான, மிக முன்னால் இருக்கும் இடத்தைத் தேட வேண்டும். இஞ்சினின் அடிப்பாகத்தைக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, வண்டியை ஜெலுத்தோங்கிலிருந்து பாலம் வரைக்கும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பார்த்தோம்.

வால்வ் மூடி காய்ந்திருந்தது. பக்கவாட்டு டேப்பட் மூடிகளும் பரவாயில்லை. டைமிங் கவருக்குக் கீழே, சம்ப்பின் முன் மூலை இரண்டும் நனைந்திருந்தன. ஒரு பக்க விளிம்பில் போல்ட்டுக்குப் போல்ட் இடைவெளியில் பவுடர் கறுத்திருந்தது. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது பெல் ஹவுசிங் ஓட்டை. அது சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. இந்த வயது ஏ-சீரிஸில் எல்லாம் நனைந்து அந்த ஓட்டை மட்டும் காய்ந்திருந்தால் சந்தோஷப்படக் கூடாது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பிளிட் பின் இல்லை, ஓட்டை முழுக்கச் சாம்பல் நிற சிலிக்கான். ஒழுகல் இங்கிருந்துதான் வருகிறது என்று யாரோ அடைத்து விட்டிருக்கிறார்கள். வெளியேற வழியில்லாத ஆயில் எங்கே போகும்? ஃப்ளைவீல் அதை வாரி கிளட்ச் மீது அடிக்கும். ஏற்றத்தில் வழுக்கியதற்கான காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது.

அடுத்து ஆயில் விளக்கு. மைனரில் வெறும் எச்சரிக்கை விளக்குதான், முள் கிடையாது. விளக்கின் சுவிட்சைக் கழற்றி அங்கே ஒரு பிரஷர் கேஜ் மாட்டினேன். நல்ல நிலையில் உள்ள இந்த இஞ்சின் சூடான பிறகு ஐடிலில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, ஓட்டத்தில் 60 பவுண்டு அளவில் காட்ட வேண்டும். இங்கே ஐடிலில் 20-க்குப் பக்கம் நன்றாகவே நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் 35 வரை ஏறி அதற்கு மேல் போகாமல் முள் நடுங்கியது.

பேரிங் தேய்ந்திருந்தால் இதற்கு நேர்மாறாக இருக்கும்: ஐடிலில் படுத்துவிடும், வேகம் கூடினால் ஓரளவு எழும். ஐடிலில் சரியாக இருந்து வேகத்தில் திணறினால் பம்ப்புக்கு ஆயில் போதவில்லை என்று பொருள். பம்ப் கேட்கும் அளவுக்கு ஆயிலை விடாமல், சம்ப்புக்குள் தொங்கும் சல்லடையில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. காலையில் விளக்கு தாமதமாக அணைவதும் அதோடு ஒத்துப்போனது. ஆக, கேஸ்கட் ஒழுகாமல் இருந்தாலும் இந்த சம்ப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

கடைசியாக, இஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து ஒரு ரப்பர் கையுறையை வாயில் கட்டினோம். கையுறை எழுந்து நின்றது. பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் வாயு எல்லா இஞ்சினிலும் உண்டு, அது வெளியேற ஒரு வழி வேண்டும். மைனரில் டேப்பட் மூடியிலிருந்து கீழே இறங்கும் மூச்சுக்குழாய்தான் அந்த வழி. கழற்றிப் பார்த்தால் குழாயில் ஒரு கம்பிகூட நுழையவில்லை, தார் போன்ற கசடு இறுகிக் கிடந்தது. வெளியே போக முடியாத காற்று உள்ளே அழுத்தம் கூட்டி, கிடைக்கிற இடுக்கிலெல்லாம் ஆயிலைத் தள்ளும். பின்பக்க மரையால்கூட அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்க முடியாது. எத்தனை நல்ல கேஸ்கட் போட்டாலும் இந்தக் குழாயைச் சுத்தம் செய்யாமல் பலனில்லை. என்னைக் கேட்டால் இந்த வண்டியின் முதல் நோய் இதுதான். மற்றதெல்லாம் இதற்குச் செய்த தப்பான வைத்தியத்தால் வந்தவை.

கழற்றியது

ஆயிலைச் சூடாக இருக்கும்போதே, வண்டி சமமான தரையில் நிற்கும்போதே வடித்துவிட வேண்டும். சரியாக வடியாமல் விட்டால் சம்ப்பை இறக்கும்போது மிச்சம் முகத்தில் விழும். அப்புறம் பேட்டரி வயரைக் கழற்றி, பின் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, முன்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தினோம். மைனரின் ஜேக் வைக்கும் இடங்கள் துருவுக்குப் பேர்போனவை, அதுவும் நம் ஊர் உப்புக்காற்றில். ஸ்டாண்ட் வைக்கும் முன் சுத்தியலால் தட்டிப் பார்த்து, திடமான சத்தம் வந்த குறுக்குச் சட்டத்தில்தான் வைத்தோம். வெறும் ஜேக்கை நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது. இதில் எங்கள் பட்டறையில் பேச்சுக்கே இடமில்லை.

போல்ட் தலைகளுக்கு ஏழு பதினாறு அங்குல ஸ்பானர் வேண்டும். 11 மில்லிமீட்டர் கிட்டத்தட்ட பொருந்துவது போல இருக்கும், ஆனால் சரியான அளவு 11.11. சுத்தமான தலையில் 11 ஏறாது, ஏறினால் அந்தத் தலை ஏற்கெனவே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்குல ஸ்பானர் இல்லாதவர்கள் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் தேடலாம், பழைய ஆங்கிலேயச் சாமான்கள் அங்கே இன்னும் வருகின்றன. பின்பக்கத்து போல்ட்கள் கை நுழையாத இடத்தில் இருக்கின்றன. அங்கே சின்ன ராட்செட்டும் பொறுமையும்தான் வழி.

வந்த போல்ட்களில் இரண்டு அசலே இல்லை. ஆறு மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்களைத் திணித்து வைத்திருந்தார்கள். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். மெட்ரிக் போல்ட் சில புரி ஏறி இறுகியது போலக் காட்டும், ஆனால் பிடிப்பு இருக்காது. கூடவே பிளாக்கில் உள்ள மரையையும் கெடுக்கும். அந்த இரண்டும் இருந்த இடம்தான் பவுடர் அதிகம் கறுத்திருந்த இடம்.

போல்ட் எல்லாம் வந்த பிறகும் சம்ப் அசையவில்லை, அவ்வளவு சிலிக்கான். பட்டறையில் இருக்கும் பையன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். "அண்ணே, இடுக்குல குடுத்து ஒரு நெம்பு நெம்பட்டா?" வேண்டாம் என்று பிடுங்கி வைத்தேன். நெம்பினால் விளிம்பு அந்த இடத்தில் வளையும், வளைந்த இடம் அடுத்த ஒழுகல். மெல்லிய கத்தித் தகட்டைக் கேஸ்கட்டோடு சேர்த்து ஓட்டி, சம்ப்பின் பக்கத்தில் ரப்பர் சுத்தியலால் தட்டினால் விட்டுக்கொடுக்கும். இறக்கும்போது உள்ளே தொங்கும் சல்லடையில் இடிக்காமல் நேராகக் கீழே கொண்டுவர வேண்டும்.

உள்ளே பார்த்தது

சம்ப்பின் அடியில் விரல் கனத்துக்குக் கறுப்புக் கசடு. அதில் காந்தத்தை ஓட்டினால் மெல்லிய இரும்புத் தூள் மட்டுமே ஒட்டியது, துண்டுகள் இல்லை. சல்லடையில் பாதிக்கு மேல் சாம்பல் நிறத்தில் புழுப்புழுவாகச் சுருண்ட சிலிக்கான். கேஸ்கட்டுக்கு வெளியே பிதுங்கியதைத்தான் நாம் பார்க்கிறோம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும், ஆயிலில் ஊறிப் பிய்ந்து விழும், பம்ப் அதைச் சல்லடைக்கு இழுக்கும். அதிகமாகத் தடவினால் அதிகப் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களுக்குக் காட்டவே அந்தச் சல்லடையைக் கழுவுவதற்கு முன் படம் எடுத்து வைத்தேன்.

சம்ப் இறங்கியிருக்கும்போது பேரிங் பார்க்காமல் மூடுவது பெரிய சோம்பேறித்தனம். கேஜ் சொன்னதை நான் நம்பினாலும், பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் பிக் எண்ட் மூடிகளில் இரண்டை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். எது எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும், மாற்றிப் போடவே கூடாது. பேரிங் முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்தது. செம்பு நிறம் எட்டிப் பார்க்கவில்லை. கிராங்கில் நகம் மாட்டும் கீறல் இல்லை. நசுங்கும் அளவை வைத்து இடைவெளி காட்டும் பிளாஸ்டிகேஜ் இழையை வைத்து 35 பவுண்டு-அடிக்கு இறுக்கித் திறந்ததில் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் இருந்தது. ஆயில் பசியோடு ஓடிய இஞ்சினுக்கு இது அதிர்ஷ்டம். சார் வேகமாக ஓட்டாதவர் என்பதும் ஒரு காரணம்.

விளிம்பு

ஒழுகலுக்கு நேரடிக் காரணம் சம்ப்பின் விளிம்புதான். மேஜைமேல் கண்ணாடித் தகடு போட்டு அதன்மேல் சம்ப்பைக் கவிழ்த்து, பின்னால் டார்ச் பிடித்தோம். ஒவ்வொரு போல்ட் ஓட்டையைச் சுற்றியும் தகடு குழிந்திருந்தது, இரண்டு ஓட்டைக்கு நடுவில் விளிம்பு வில்லாக எழுந்து நின்று வெளிச்சத்தை விட்டது. மெல்லிய தகட்டில் போல்ட்டை இறுக்க இறுக்க நடப்பது இதுதான். ஓட்டை இருக்கும் இடம் கேஸ்கட்டை நசுக்கும், நடு இடம் கேஸ்கட்டை விட்டு விலகும். ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கினால் இன்னும் விலகும். கார்க்கும் நசுங்கிப் பிளந்து வெளியே பிதுங்கும். கேஸ்கட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

சரிசெய்ய, கனமான இரும்புக் கட்டையின் ஓரத்தில் விளிம்பை வைத்து, ஓட்டைகளைச் சுற்றி உள்ள குழிவை உள்பக்கத்திலிருந்து சிறிய உருண்டைத் தலைச் சுத்தியலால் தட்டி எடுத்தோம். பலமாக ஒரு அடி அடிக்கக் கூடாது, மெதுவாகப் பல அடி. தட்டுவது, கண்ணாடிமேல் வைத்து வெளிச்சம் பார்ப்பது, மறுபடி தட்டுவது. இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் போனது, பில்லில் வாடிக்கையாளர்கள் அதிகம் கேள்வி கேட்பதும் இதைப் பற்றித்தான். சார் மட்டும் கூடவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

சம்ப்பையும் சல்லடையையும் மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடித்தோம். பிளாக்கின் அடிமுகத்தைச் சுரண்டி, கால் அங்குல யுஎன்எஃப் டேப் (மரை வெட்டும் கருவி) விட்டு மரைகளைச் சுத்தப்படுத்தினோம். நல்ல வேளை, அந்த இரண்டு இடத்திலும் பிடிப்பதற்கு மரை மிச்சம் இருந்தது. பெல் ஹவுசிங் ஓட்டையின் சிலிக்கானைக் குத்தி எடுத்தபோது தேங்கியிருந்த ஆயில் தடதடவென்று கொட்டியது. சொட்டு நின்றதும் புது ஸ்பிளிட் பின்னைத் தளர்வாக மாட்டினோம்.

மாட்டியது

முன் பின் கார்க் துண்டுகளை முதலில் பள்ளத்தில் உட்கார வைக்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும் கார்க் விறைப்பாக இருக்கும். அப்படியே வளைத்தால் நடுவில் விண்டுபோகும், கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டால் இளகும். முனைகள் பக்கத்துக் கேஸ்கட் மட்டத்துக்கு மேல் ஓரிரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுத்தமாக இருக்கட்டும் என்று மட்டத்துக்கு வெட்டினால் மூலையில் அழுத்தம் கிடைக்காது. பக்கத்துக் கேஸ்கட்களைக் கிரீஸ் தொட்டு பிளாக்கில் ஒட்டினோம், அண்ணாந்து வேலை செய்யும்போது நழுவாமல் இருக்க அதுவே போதும். இறுகிப்போகாத சீலன்ட்டை நாலு மூலைக்கு மட்டும், பட்டாணி அளவு. வேறு எங்கும் இல்லை.

சம்ப்பை நேராக ஏற்றி, எல்லா போல்ட்டையும் விரலாலேயே தொடக்கம் பிடித்த பிறகுதான் ஸ்பானரைத் தொட்டோம். நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும், பக்கம் மாற்றி மாற்றி, படிப்படியாக. கடைசி இறுக்கம் 6 பவுண்டு-அடி, ஏறக்குறைய 8 நியூட்டன்-மீட்டர். கைக்கு இது ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். பையனை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் "இறுகிடுச்சு"ன்னு தோன்றும் இடத்தில் நிறுத்தச் சொல்லி அளந்து காட்டினேன், இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. அந்த போல்ட்டைத் தளர்த்திச் சரி செய்தோம்.

வடிகால் பிளக்குக்குப் புது செம்பு வாஷர், புது ஃபில்டர், 20டபிள்யூ-50 ஆயில். ஃபில்டரையும் சேர்த்து இந்த இஞ்சின் ஏறக்குறைய 3.7 லிட்டர் பிடிக்கும். முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாமல் அளவுக்கம்பியைப் பார்த்து ஊற்றினோம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் முள் எழும்வரை ஸ்டார்ட்டரால் சுற்றிய பிறகே இஞ்சினை ஓட விட்டோம். பழைய ஆயில் மலேசியச் சட்டப்படி அட்டவணைக் கழிவு, எண் எஸ்டபிள்யூ 305. சாக்கடையில் ஊற்றாமல் பீப்பாயில் சேர்த்து உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பிறகு

சூடான இஞ்சினில் ஓட்டத்தின்போது முள் 55-ஐத் தாண்டி நடுங்காமல் நின்றது. காலையில் விளக்கு உடனே அணைகிறது. மூச்சுக்குழாய் திறந்த பிறகு கையுறை எழவில்லை. கொஞ்ச நாள் ஓடிய பின் வண்டியை வரச் சொல்லி போல்ட்களை அதே 6 பவுண்டு-அடிக்குச் சரிபார்த்தோம். கார்க் அமர்ந்ததில் பல போல்ட்கள் சிறிது திரும்பின. அது இயல்பு. அதற்கு மேல் இனி தொடத் தேவையில்லை. சம்ப்பைச் சுற்றிலும் பவுடர் வெள்ளையாகவே இருக்கிறது.

பெல் ஹவுசிங் ஓட்டையில் மட்டும், நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சில சொட்டு விழும். "அதையும் நிறுத்த முடியாதா தம்பி?" என்று சார் கேட்டார். பின்பக்கத்துக்கு ரப்பர் சீல் வைக்கும் மாற்றுச் சாமான்கள் இப்போது விற்கின்றன. ஆனால் அதற்கு இஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். சில சொட்டுக்காக மட்டும் அந்த வேலையைச் செய்ய நான் சொல்லமாட்டேன். ஆயிலில் ஊறிய கிளட்ச் தகடு தானாகத் தேறாது, எப்படியும் மாற்றியாக வேண்டும். தகடு இங்கிலாந்திலிருந்து வந்ததும் இஞ்சினை இறக்கி இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதாக முடிவு செய்தோம். அதுவரை மகள் வீட்டுக்குப் பாயா தெருபோங் ஏற்றம் வேண்டாம், தூரம் கூடினாலும் கிரீன் லேன் வழியாகவே போகச் சொல்லியிருக்கிறேன்.